முழக்கம் வாய் திறந்த வழக்கு

என் வேலை கத்துவது. கோர்ட் ஹாலின் வாசலில் நின்று, உள்ளே வர வேண்டியவர்களின் பெயரை மூன்று முறை அழைப்பேன். இருக்கிற ஆள் "ஆஜர்" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மூன்றாவது அழைப்புக்கும் பதில் வராவிட்டால் நான் உள்ளே போய் "ஆளில்லை" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் அந்த ஆள் தலைகீழாக நின்றாலும் அன்றைக்கு உள்ளே விட மாட்டார்கள். வீட்டில் கத்த முடியாததையெல்லாம் சேர்த்து வைத்து நான் கோர்ட்டில் கத்துவதாக என் வீட்டுக்காரர் சொல்வார். அது பொய். வீட்டிலும் கத்துவேன்.

அந்த வழக்கு எங்கள் ஹாலுக்கு வந்ததும் எனக்குத் திடீர்ச் சொந்தங்கள் முளைத்தன. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளாம் ஒருத்தி. அவள் முகத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். என் கல்யாணத்துக்கே வராத சித்தப்பா ஒருவர் என் உடம்பு இளைத்துவிட்டதாகச் சொல்லிக் கண் கலங்கினார். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான், உள்ளே நுழைய ஒரு பாஸ். முழக்கத்தைக் கூண்டில் பார்த்துவிட வேண்டும்.

முழக்கம் என்பது ரசிகர்கள் அந்த நடிகருக்கு வைத்த பெயர். படத்தில் அவர் வாயைத் திறந்தால் தியேட்டர் நாற்காலிகள் அதிரும். அவருடைய தயாரிப்பாளர் தன் ஃபிளாட்டில் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். அடித்தது முழக்கம்தான் என்பது போலீஸ் கட்சி. இரண்டு பேருக்கும் ஆகாது என்று பத்திரிகைகள் ஏற்கனவே எழுதியிருந்ததால் ஊருக்கும் அதை நம்புவதில் சிரமம் இல்லை. நம்பிக்கொண்டே கோர்ட் வாசலில் நின்று அவருக்குக் கை அசைத்தார்கள்.

எதையும் மனதில் பூட்டி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் குரல் முழக்கத்துடையது அல்ல. என் வீட்டுக்காரருடையது.

அவர் டப்பிங் கலைஞர். முழக்கத்தின் முதல் படத்திலிருந்து அவருக்குக் குரல் கொடுப்பவர் இவர்தான். முழக்கத்தின் சொந்தக் குரல் எப்படி என்றால், குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் மெலிசாக ஒரு சீறல் கேட்குமே, அப்படி. அதனால் வெளியே எங்கும் அவர் பேசுவதில்லை. மேடையில் கை கூப்புவார், பேட்டியில் புன்னகைப்பார், மேனேஜர் பக்கத்தில் நின்று "சார் தொண்டையைப் பாதுகாக்கிறார்" என்பார். அந்த மௌனத்தைப் பெரிய ஞானம் என்று கொண்டாடினார்கள். என் வீட்டுக்காரரோ மைக்குக்கு முன்னால்தான் சிங்கம். வீட்டில் ஈனஸ்வரத்தில் பேசுவார். காபி வேண்டுமா என்று கேட்டால் பதில் வருவதற்குள் காபி ஆறிவிடும். குரல் யாருடையது என்று வெளியே தெரிந்தால் அதோடு வேலை போய்விடும் என்பது ஒப்பந்தம். ஒரு படத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. கேட்டரிங் செய்தவர் பெயர் வரும், பறவைகளைப் பழக்கியவர் பெயர் வரும். இவர் பெயர் வராது. ஒவ்வொரு படத்துக்கும் கூட்டிக்கொண்டு போவார், ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது மட்டும் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வழக்கிலும் முழக்கம் வாயைத் திறக்கவில்லை. தனக்காக வாதாடும் வக்கீலம்மாவிடம்கூடத் துண்டுச் சீட்டில்தான் பேசினார். தொண்டையில் ஏதோ கோளாறு என்று அந்த அம்மாவும் நம்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பல் டாக்டரை அழைத்தேன். செத்துப்போன தயாரிப்பாளரின் பக்கத்து ஃபிளாட்காரர். புது சட்டை, தலைக்குச் சாயம், கூண்டில் ஏறும்போதே முழக்கத்தைப் பார்த்து ஒரு வெட்கச் சிரிப்பு.

"அன்னிக்கு சாயங்காலம் என்ன கேட்டீங்க?" என்றார் அரசு வக்கீல்.

"என் ஃபிளாட் கதவைத் தொறந்துக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுலேருந்து சத்தம் கேட்டுது. 'இன்னியோட உன் கதை முடிஞ்சுது!'ன்னு."

"யாரோட குரல்?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? சின்னக் கொழந்தையைக் கேட்டாலும் சொல்லுமே. அவரு குரல்தான்."

ஹாலில் ஒரே சலசலப்பு. சினிமாவே பார்ப்பதில்லை என்று முதல் நாளே அறிவித்திருந்த நீதிபதி மேசையைத் தட்டினார். என் தலைக்குள் வேறு கணக்கு ஓடியது. அந்தக் குரல் அங்கே கேட்டிருந்தால், அதன் சொந்தக்காரர் அங்கே இருந்திருக்க வேண்டும். தொண்டை டாக்டரைப் பார்க்கப் போவதாக அன்று சாயங்காலம் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாரே, அந்த மனிதர்.

வீட்டுக்கு ஓடினேன். அவர் சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நின்று உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தத் தயாரிப்பாளர் செத்தாரே, அன்னிக்கு சாயங்காலம் எங்க போனீங்க?"

கையால் தொண்டையைக் காட்டினார்.

"உங்க டாக்டர் அந்த வாரம் பூரா வெளியூரு. வர்ற வழியில போன் போட்டுக் கேட்டுட்டேன்."

வாயில் இருந்த உப்புத் தண்ணீரை அப்படியே விழுங்கிவிட்டார். இருமி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார்.

"அவரைப் பாக்கத்தான் போனேன். என் பேரைப் போடுங்கன்னு கேக்க. உன்கிட்ட சொல்லிட்டுப் போயி, அவர் முடியாதுன்னுட்டா அசிங்கமா இருக்குமேன்னு டாக்டர்னு சொன்னேன்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். அதுக்கு முன்னாடி கிளைமாக்ஸ் டயலாக்கைச் சரியா சொல்லிக் காட்டுன்னாரு. ஸ்டுடியோவுல சொன்னது அவருக்குப் பிடிக்கலையாம். 'இன்னியோட உன் கதை முடிஞ்சுது'. கோவமா சொன்னேன். சோகமா சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவரு சோபாவுல சாஞ்சுக்கிட்டு 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை'ன்னுக்கிட்டே இருந்தாரு. கடைசில எந்திரிச்சுக் கை தட்டினாரு. லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினாரு. 'உன் பேரு வரும்யா, கொட்டை எழுத்துல வரும்'னாரு."

"அப்புறம்?"

"காலையில பேப்பரைப் பிரிச்சேன். அவரு பேருதான் கொட்டை எழுத்துல வந்திருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாத இடத்தில் வருகிற சிரிப்பை அடக்கவே முடியாது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவரும் சிரித்தார், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். நாட்டையே ஆட்டி வைக்கிற கொலை வழக்கு, டயலாக் ஒத்திகையில் வந்து நிற்கிறது! சிரித்து ஓய்ந்த பிறகுதான் பயம் வந்தது.

"கோர்ட்ல வந்து சொல்லுங்க," என்றேன்.

"சொன்னா அவரைக் கடைசியா உயிரோட பாத்தவன் நானாயிடுவேனே. 'உன் கதை முடிஞ்சுது'ன்னு கத்தினதும் நான்தான். வேலையும் போயிடும். முழக்கம் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசினா போதும், அந்தக் குரல் அவனுது இல்லன்னு தெரிஞ்சுடும். அவனே பேசட்டுமே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சரி, முழக்கத்தின் வாயைப் பிடுங்கிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், கோர்ட் மறுபடி கூடுவதைச் சொல்லும் சாக்கில் அவர் காத்திருந்த அறைக்குப் போனேன். ஒரு மர பெஞ்சு, துருப்பிடித்த ஃபேன், சுவரில் யாரோ கிறுக்கிய இதயம். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் தன் மைத்துனிக்காக முழக்கத்திடம் ஒரு கைக்குட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதைக் காயவைக்க வெளியே போனார். கதவு சாத்தியதும், என் வீட்டுக்காரர் மூலம் என்னை ஏற்கனவே தெரிந்த முழக்கம் என்னைப் பார்த்துக் கீச்சிட்டார்.

"அக்கா, அண்ணனை வரச் சொல்லிடாதீங்க."

அந்த மீசைக்கும் அந்தத் தோளுக்கும் அந்தக் குரல் சேரவே இல்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப நீங்க பேசுங்க தம்பி. பேசினா விட்டுடுவாங்களே."

"வெளிய நிக்கிறாங்களே, அவங்க யாரும் என்னைப் பாக்க வரலக்கா. அந்தக் குரலுக்கு ஒடம்பு எப்படி இருக்கும்னு பாக்க வந்திருக்காங்க. நான் வாயைத் தொறந்தா எனக்கு ஒண்ணுமே மிஞ்சாது. ஜெயிலுக்குப் போனாலும் முழக்கமாவே போயிடறேன்."

"போயி? கம்பி எண்ணும்போது வாய்விட்டுத்தானே எண்ணணும்? தட்டை நீட்டி 'இன்னும் கொஞ்சம் போடுங்க'ன்னு கேக்கணுமே, அதையும் சீட்டுல எழுதியா குடுப்பீங்க?"

அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை.  தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பும் கீச்சுதான். ஆனாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார், மாட்டேன், மாட்டேன் என்று.

வீட்டில் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷமா அவன் வாயிலதான் குடியிருக்கேன். அவன் உள்ள போனா என் குரலும் சேந்துதான் உள்ள போகும். வக்கீலம்மா வீடு எங்க இருக்கு?" என்றார்.

வக்கீலம்மா முதலில் நம்பவில்லை. சாட்சி சொல்கிறேன் என்று தினமும் யாராவது வந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, மூச்சை இழுத்து, அந்த வரியைச் சொன்னார். குமாஸ்தா ஃபைல் கட்டோடு எழுந்து நின்று கும்பிட்டார். வக்கீலம்மா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எங்க அவரு? யாரு ஜாமீன் குடுத்தாங்க?"

விஷயம் புரிந்ததும் அந்த அம்மா சிரித்த சிரிப்பில், உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி சுவர் வரைக்கும் உருண்டு போய்விட்டது. "இத்தனை நாளா என்னைச் சீட்டு படிக்க வெச்சிருக்காரு பாவி மனுஷன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு முகம் மாறியது. "உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நீங்க கூண்டுல ஏறினா அரசு வக்கீல் பழியைத் தூக்கி உங்க தலையில வைக்கப் பாப்பாரு. அதுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

அவர் "பரவால்லீங்க" என்றார். எனக்குத்தான் அப்படிப் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

அந்த நாள் வந்தது. வக்கீலம்மா எழுதிக் கொடுத்த சாட்சி பெயரோடு ஹால் வாசலில் நின்றேன். வராந்தா முழுக்க ரசிகர்கள், கேமராக்கள். தூணுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், முகத்தில் ஈயாடவில்லை. கண் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கல்யாணமான நாள் முதல் அவரை நான் 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், கோபம் வந்தால் வேறு சில. பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் முறையாக அழைத்தேன். அழைத்தேன் என்று சொல்லக்கூட முடியாது, முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்ற கேமராக்காரருக்கே கேட்டிருக்காது. மூன்று முறை இப்படி முணுமுணுத்துவிட்டு உள்ளே போய் "ஆளில்லை" என்று சொன்னால் போதும். அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது முறையும் முணுமுணுத்தேன். அவர் மாடிப்படிப் பக்கம் ஓர் அடி நகர்ந்தார்.

கதவின் இடுக்கு வழியாகக் கூண்டு தெரிந்தது. முழக்கம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறாரா, வர வேண்டும் என்றா, அவருக்கே தெரிந்திருக்காது. வெளியே அவரைப் போலவே ஒருத்தர் தூணோடு தூணாக நின்றார். இரண்டு பேரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தே காலத்தை ஓட்டிவிட்டார்கள் என்று எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. கேட்டரிங்காரர் பெயர் வந்தது, பறவைக்காரர் பெயர் வந்தது. என் மனிதரின் பெயர் எங்கேயாவது ஓரிடத்திலாவது ஒலிக்க வேண்டாமா?

மூன்றாவது முறை, அவர் அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து, முழுப் பெயரையும் தொண்டை கிழிய அழைத்தேன். வராந்தா அடங்கிப்போனது. ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்துபோயின.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பதற்றத்தில் அடங்கிய குரல் மறந்துபோய், மைக்குக் குரல் வந்துவிட்டது.

"ஆஜர்!"

ரசிகர்கள் மொத்தமாகத் திரும்பி மாடிப்படியில் முழக்கத்தைத் தேடினார்கள். இரண்டு பேர் விசில் அடித்தார்கள். அந்தக் குழப்பத்துக்கு நடுவே, மெலிந்த, சட்டையை உள்ளே விட்ட, வழுக்கை விழுந்த ஒரு மனிதர் என்னைத் தாண்டி உள்ளே போனார். போகும்போது என் கையை ஒரு தரம் தொட்டார்.

நடந்ததை அவர் சொன்னார். நீதிபதி அந்த வரியைச் சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னார். ஹாலில் ஒருவர் விடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நீதிபதி கை தட்டுவதற்காகத் தூக்கிய கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

அரசு வக்கீல் எழுந்தார்.

"பிரமாதம். தெருவுக்கு ஒருத்தர் முழக்கம் மாதிரி பேசிக் காட்டறாங்க, ஐயா. என் பையன்கூடப் பேசுவான். இவரு காசுக்கு வந்த மிமிக்ரி. அப்படி இல்ல, இவரு சொல்றது நிஜம்தான்னா, செத்தவரைக் கடைசியா பாத்தவரு இவரு. கொலை மிரட்டல் விட்டவரும் இவரு. ரெண்டுல எதுன்னு இவரே சொல்லட்டும்."

என் வீட்டுக்காரரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.  நானே கத்திக் கூப்பிட்டு நானே குழியில் தள்ளிவிட்டேனே என்று வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது கூண்டிலிருந்து ஒரு கீச்சு கேட்டது.

"ஐயா."

எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள். எண்ணெய் போடாத ஃபேன் என்றுதான் நானும் நினைத்திருப்பேன், தெரியாமல் இருந்திருந்தால்.

"ஐயா, நான்தான் பேசறேன். அவரு மிமிக்ரி இல்ல. அவருதான் அசல். என் குரல் இதான், பொறந்ததுலேருந்து இதான். அவரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்க மாட்டாரு. அவரை விட்டுடுங்கய்யா."

 முழக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் இழந்துவிட்ட முகத்தோடு நின்றார். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. உன்னைப் போய்க் கேலி செய்தேனே தம்பி என்று அழுதேன், சத்தமாகவே அழுதேன்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்று பின்வரிசையில் பல் டாக்டர் எழுந்தார். அவர் தினமும் வந்துகொண்டிருந்தார். நீதிபதி அவரை மறுபடி கூண்டில் ஏற்றினார்.

"கதவைத் தொறக்கும்போது கேட்டேன்னு சொன்னது பொய்ங்க. சுவத்துல டம்ளரை வெச்சு, காதை வெச்சுக் கேட்டேன். முழக்கமே பக்கத்து வீட்டுக்கு வந்திருக்காருன்னு ஆசை. பல் டாக்டரு ஒட்டுக்கேட்டாருன்னு பேப்பர்ல வந்தா யாரு என்கிட்ட வாயைக் காட்டுவாங்க? அதான் பூசி மெழுகிட்டேன்."

"அந்த வரியை எத்தனை தடவை கேட்டீங்க?" என்றார் வக்கீலம்மா.

"கணக்கே இல்லீங்க. கோவமா, அழுதுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. நடுநடுவுல தயாரிப்பாளர் 'இன்னொரு தடவை'ன்னாரு."

"மிரட்டல் விட்டவரைப் பாத்து 'இன்னொரு தடவை'ன்னு கேட்டாரா?"

"ஆமாங்க. கடைசில கைகூடத் தட்டினாரு. லிஃப்ட் போன பிறகு தனியா பாட்டுப் பாடிக்கிட்டே கதவைச் சாத்தினாரு."

முதலில் சிரித்தது நீதிபதிதான். அதன் பிறகு மேசையைத் தட்ட ஆளில்லாமல் போய், ஹால் மொத்தமும் சிரித்தது. முழக்கமும் சிரித்தார். அந்தக் கீச்சுச் சிரிப்பைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள். அது ஏளனச் சிரிப்பு இல்லை என்பது அவருக்கும் மெல்ல மெல்லப் புரிந்தது.

முழக்கம் விடுதலையானார். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவரைப் பிறகு வந்து அடித்தது அவருடைய தொழில் கூட்டாளி. போலீஸ் அவரைப் பிடித்துவிட்டது. ஊர்க் குழந்தைகளெல்லாம் இப்போது கீச்சுக் குரலில் "நான்தான் பேசறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். முழக்கம் அடுத்து ஒரு நகைச்சுவைப் படத்தில் தன் சொந்தக் குரலில் நடிக்கப் போகிறாராம்.

பாதியில் நின்ற அந்தத் தயாரிப்பாளரின் படத்தை முடித்து வெளியிட்டார்கள். முதல் நாள், முழக்கம் எங்களுக்கு நடு வரிசையில் இடம் போட்டிருந்தார். விளக்கு அணைந்தது, பெயர்கள் ஓட ஆரம்பித்தன. என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தார். சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தினேன். திரையில் 'குரல்' என்று வந்தது. அதன் கீழே, கொட்டை எழுத்தில், அவர் பெயர்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. எழுந்து நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டேன். தியேட்டர் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது முறையும் கூப்பிட்டேன். "உக்காரும்மா!" என்று யாரோ கத்தினார்கள், நான் உட்காரவில்லை. மூன்றாவது முறையும் கூப்பிட்டேன்.

பக்கத்து இருட்டில், யாருடைய நாற்காலியையும் அதிர வைக்காத அந்த வீட்டுக் குரலில், பதில் வந்தது.

"ஆஜர்."